கடைசி மனையில் மணல் கொதித்த மாலை

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாகப்பட்டினம், வேதாரண்யம் எல்லாம் சேர்ந்து ஒரே தஞ்சாவூர் ஜில்லா. எனக்கு இருபத்தாறு வயது. சர்வேயராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு மீனவர் ஊரை ஒட்டியிருந்த மணல்மேட்டை அளந்து, பதினெட்டு வீட்டுமனைகளாகப் பிரித்துக் கல் நடும்படி எனக்கு உத்தரவு வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அந்த மனிதர்களின் பிள்ளைகள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த வருஷங்களில் ஜில்லா முழுக்க நிலத் தகராறுதான். அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவார்கள். அப்புறம் அடிதடி, போலீஸ், கேஸ். அப்படி ஒரு தகராறில், கடற்கரையிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த ஒரு கிராமத்தில், பதினெட்டுக் குடும்பங்களை மிராசுதார் தன் இடத்திலிருந்து காலிசெய்ய வைத்துவிட்டார். குடிசைகளைப் பிரித்துப்போட்டுவிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் வாய்க்கால் கரையில் கீற்றைச் சாய்த்துக்கொண்டு அதற்குள் முடங்கிக் கிடந்தன. அவர்களுக்குத்தான் சர்க்கார் அந்த மணல்மேட்டில் மனைப் பட்டா கொடுப்பதாக முடிவு செய்திருந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த மணல்மேட்டில்தான் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்தினார்கள். அவர்களுடைய பெண்கள் கருவாடு காயப்போட்டார்கள். ரெவின்யூ கணக்கில் அது புறம்போக்கு, அவ்வளவுதான். நான் போவதற்கு முன்பே, இடத்தைப் பார்க்க வந்த தொழிலாளர்களுக்கும் மீனவர்களுக்கும் கைகலப்பு ஆகி, இரண்டு பக்கமும் மண்டை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள்.

என் பயம் அதோடு நிற்கவில்லை. என் சொந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். எங்கள் குடும்பமும் ஒரு காலத்தில் மிராசுதான். நில உச்சவரம்புச் சட்டத்தில் பெரியப்பாவின் நிலம் போன ஆத்திரம் வீட்டில் அப்போதும் அடங்கவில்லை. தொழிலாளர்களுக்கு இது தெரிந்தால் என்னை நம்பமாட்டார்கள். மீனவர்களோ, யார் அளக்க வந்தாலும் நம்பப்போவதில்லை. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் தஞ்சாவூர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தை மாதக் கடைசி. அளவுச் சங்கிலி பிடிக்கிற செயின்மேனையும் இரண்டு போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கெல்லாம் மணல்மேட்டுக்குப் போய்விட்டேன். கருவாடு காயவைக்கும் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சும்மா நின்றுதான் பார்த்தார்கள். கடலிலிருந்து மேடு வரைக்கும் மணலில் டிராக்டர் சக்கரம் உருண்ட மாதிரி ஒரு தடம் இருந்தது. கட்டுமரத்தை இழுத்திருப்பார்கள் என்று நினைத்து, அதன்மேலேயே சங்கிலியைப் போட்டு அளந்தேன்.

பதினேழு மனைக்குக் கல் நட்டாகிவிட்டது. பதினெட்டாவது, கடலை ஒட்டிய கடைசி மனை. அதன் மூலையில் குழி போட நானே கடப்பாரையை ஓங்கிக் குத்தினேன். செயின்மேன் களைத்துப்போயிருந்தார், போலீஸ்காரர்கள் ஊருக்குள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். எனக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும். கடப்பாரை வெண்ணெயில் இறங்குவது போலச் சட்டென்று இறங்கியது. வெளியே எடுத்தேன். நுனியில் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

உட்கார்ந்து கையால் மணலைத் தள்ளினேன். முழங்கை ஆழத்தில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். பிங்பாங் பந்து அளவுதான் இருக்கும். ஓடு கோழிமுட்டை போலக் கெட்டியாக இல்லை, தொட்டால் உள்வாங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை இருந்தன என்று தெரியவில்லை. மேலே இருந்ததில் நாலைந்தை நான் உடைத்திருந்தேன். ஆமை முட்டை என்று செயின்மேன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அப்போது எனக்கு அந்த உயிர்களைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. இதை ஒப்புக்கொள்ள இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் நினைப்பெல்லாம் ஃபைலைப் பற்றித்தான். எங்கள் வயல்நாட்டில் ஆமை என்றாலே அபசகுனம். சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொல்லைக்குள் ஒரு குளத்து ஆமை வந்துவிட்டதென்று புரோகிதரைக் கூப்பிட்டுத் தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனம் செய்தார்கள். வீடு கட்டப்போகிற மனைக்குள்ளேயே ஆமை வந்து முட்டையிட்டிருக்கிறது என்று தெரிந்தால் இந்தப் பதினெட்டுக் குடும்பங்களும் இடமே வேண்டாம் என்று போய்விடும். மீனவர்களுக்குத் தெரிந்தாலோ, அதையே சொல்லி இந்தக் குடும்பங்களை விரட்டுவார்கள். மறுபடியும் இடம் தேட வேண்டும், மறுபடியும் அடிதடி. மேலதிகாரிகள் என்னைத்தான் கேட்பார்கள்.

அவசர அவசரமாக மணலைத் தள்ளி மூடினேன். உடைந்த முட்டைகளையும் உள்ளேயே வைத்து மூடிவிட்டேன். கல்லை இரண்டு முழம் தள்ளி நட்டேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று செயின்மேனிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், சவுக்குத் தோப்பு ஓரத்தில் ஒரு பெண் விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கலாம். மனை கிடைக்கப்போகிற பதினெட்டுக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. கைகலப்புக் கேஸில் அவர் கணவர் ஜெயிலில் இருந்தார்.

கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். என் கையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"ஆமை முட்டைதானுங்களே அய்யா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கையே காட்டிக்கொடுத்துவிட்டதே. யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் நான் மூடியிருந்த மணலைப் பார்த்தார். பிறகு இந்த மனையை யாருக்கு எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

"அப்ப எனக்கே எழுதிடுங்க. வேற ஆளுக்குப் போனா வீட்டுக்கு மண்ணு வெட்டுறப்ப வெட்டி எறிஞ்சிடுவாங்க."

உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"எங்களத் தொரத்திவிட்டப்போ, இதுங்க கால வச்ச எடம் வெளங்காதுன்னுதான் பேசுனாங்க. பாவம், ஆமையையும் அப்படித்தானே அய்யா சொல்றாங்க."

சொல்லிவிட்டு விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசி மனை காற்றுக்கும் உப்புக்கும் நேர் எதிரே இருந்ததால் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பேருக்கு எழுதுவதில் ஒரு சிக்கலும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் எனக்கு நிம்மதி போயிற்று. மீனவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். ஒரு நாள் நான் நட்ட கற்களில் மூன்றை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். திரும்ப நடப் போகிற சாக்கில் கடைசி மனையைப் பார்த்தேன். முட்டை இருந்த இடத்தின்மேல் கருவேல முள்ளை வட்டமாக அடுக்கி, காற்றில் போகாமல் இருக்க மேலே ஒரு மட்டையும் வைத்திருந்தது. நரியும் நாயும் தோண்டாமல் இருக்க அந்தப் பெண் செய்திருக்க வேண்டும். நாலு மைல் நடந்து வந்து போயிருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முள்ளைப் பார்த்து யாராவது என்ன ஏது என்று கேட்டுவிடப்போகிறார்களே என்ற பயம்தான் வந்தது.

இன்னொரு தடவை போனபோது, கருவாடு காயவைக்கும் பெண்களில் ஒருவர் அந்த முள்வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், உயரமான பெண். அவர் கணவர் அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவர். மணல்மேட்டை விட்டுத்தர முடியாது என்று தாலுகா ஆபீஸுக்கு வந்து கத்தியவரும் அந்தக் கணவர்தான். என்னைக் கண்டதும் அந்தப் பெண் நகர்ந்து போனார். தெரிந்துவிட்டதோ என்று அன்றைக்கெல்லாம் எனக்கு அதே நினைப்புதான்.

பங்குனியில் பட்டா வழங்க நாள் குறித்தார்கள். மணல்மேட்டிலேயே பந்தல் போட்டு, பெரிய அதிகாரி ஒருவர் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. பந்தல்காரர்கள் கடைசி மனையில்தான் மேடை போடுவோம், கடல் பார்க்க நன்றாக இருக்கும் என்றார்கள். எல்லைக்கல் அசைந்துவிடும் என்று ஏதோ காரணம் சொல்லி மேடையை மேற்கே தள்ளி வைக்கச் செய்தேன். அதற்கே தாசில்தார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலு மணிக்கு விழா. பெரிய அதிகாரி வரவில்லை. ஐந்தாயிற்று, வரவில்லை. பந்தலின் ஒரு பக்கம் பதினெட்டுக் குடும்பங்களும் அவர்களுடைய சங்கத்துக்காரர்களும். இன்னொரு பக்கம், அழைக்காமலே வந்து நின்ற மீனவர்கள். பேச அனுமதித்தே ஆக வேண்டும், வலை உலர்த்த இடம் எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் பட்டா கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சப்-இன்ஸ்பெக்டரும் ஏழெட்டுப் போலீஸ்காரர்களும் லத்தியோடு நின்றார்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பேச்சு தடித்தது. போன தடவை மண்டையை உடைத்தவன் இதோ நிற்கிறான் என்று ஒருத்தர் இன்னொருத்தரை விரலை நீட்டிக் காட்டினார்.

சூரியன் இறங்கியது. பெரிய அதிகாரி வரமாட்டார் என்று தகவல் வந்தது. தாசில்தாரே கொடுத்துவிடுவது என்று முடிவாகி, நாலு பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றினார்கள். இரண்டு விளக்கு மேடையில், மற்ற இரண்டும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு கம்பத்தில். நான் மேடைக்குக் கீழே மேஜை போட்டு, பட்டாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். மூன்று பேர்களை வாசித்திருப்போம். அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அவர் முறை வர இன்னும் நேரம் இருந்தது.

என் காதருகே குனிந்து சொன்னார். "அய்யா, மண்ணு கொதிக்குது."

எனக்குப் புரியவில்லை. அவர் கை காட்டிய பக்கம் எழுந்து போய்ப் பார்த்தேன். முள்வட்டத்தை அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். அந்த இடத்து மணல் உலைத் தண்ணீர் மாதிரி குமுறிக்கொண்டிருந்தது. கறுப்பாக ஒரு தலை வந்தது. பிறகு நாலைந்து தலைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொத்துக் கொத்தாக வெளியே வந்து விழுந்தன. என் உள்ளங்கைக்குள் இரண்டு அடங்கும், அவ்வளவு சின்னக் குஞ்சுகள். ஒரு விநாடிதான் நின்றன. பிறகு எல்லாம் ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தன.

கடல் அவற்றுக்குக் கிழக்கே இருந்தது. அவை ஓடியது மேற்கே. பந்தலை நோக்கி, ஐந்நூறு அறுநூறு கால்களுக்கு நடுவே.

நான் இரண்டு மூன்றைத் தடுத்து எடுத்தேன். மற்றவை என்னைத் தாண்டிப் போய்விட்டன. பந்தலுக்குள் யாரோ காலை உதறினார்கள். ஏதோ ஏறுகிறது என்று ஒரு குரல். பாம்பு என்று இன்னொரு குரல். அவ்வளவுதான், கூட்டம் கலைந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தது. மீனவர்கள் பக்கம் சாய்ந்தவர்களை அவர்கள் தள்ளினார்கள். அடிக்கிறார்கள் என்று இந்தப் பக்கம் சத்தம் வந்தது. பந்தல் கால் ஒன்றை யாரோ பிடுங்குவதை என் கண்ணால் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார்.

அப்போதுதான் அந்த உயரமான மீனவப் பெண் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டு கத்தினார்.

"வெளக்க அணைங்க! வெளிச்சத்தப் பாத்துத்தான் வருது. அணைச்சாத்தான் கடலுக்குத் திரும்பும்."

சப்-இன்ஸ்பெக்டர் முடியவே முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவரை ஒருவர் அடிக்கக் காத்திருக்கிற இருநூறு முந்நூறு பேரை, கையில் கழியோடு, இருட்டில் விட யாருக்குத் துணிச்சல் வரும்? நான் தாசில்தாரைப் பார்த்தேன். அவர் மேடையிலிருந்து குனிந்து, தன் செருப்புக்குப் பக்கத்தில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இங்க இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். செயின்மேன் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார். ஆனால் அந்தப் பெண் முந்தானையில் ஏழெட்டுக் குஞ்சுகளை ஏந்திக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தெரியும் சார்" என்றேன். "கல்லு நடும்போதே பார்த்துட்டேன். மறைச்சுட்டேன்."

இரண்டு பக்கத்து ஆட்களும் அதைக் கேட்டார்கள். ஒரு நிமிஷம் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. அதற்குள் நான் கம்பத்துக்குப் போய், முதல் பெட்ரோமாக்ஸின் காற்றைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று இறங்கிச் சிவந்து அணைந்தது. அடுத்ததற்குக் கையை நீட்டினேன். ஒரு போலீஸ்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடுய்யா என்று தாசில்தார் மேலிருந்து சொன்னார். இரண்டாவதையும் அணைத்தேன். மேடையில் இருந்த இரண்டையும் செயின்மேன் அணைத்தார்.

கண்ணே தெரியவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முதல் அடி எங்கிருந்து விழும், யார் அலறுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். இன்றைக்கு இங்கே ஒரு கொலை விழுந்தால் விளக்கை அணைத்தவன் நான்தானே என்று ஓடியது மனதில்.

அந்த மீனவப் பெண்ணின் குரல்தான் வந்தது. "யாரும் காலத் தூக்காதீங்க. நிக்கிற எடத்துல நில்லுங்க."

அதையே அந்தத் தொழிலாளிப் பெண்ணும் தன் ஆட்களிடம் திருப்பிச் சொன்னார். யார் பேச்சுக்கும் கட்டுப்படாமல் அரை நாளாகக் கொதித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. பிடுங்கிய கழியை யாரோ மெதுவாக மணலில் படுக்க வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அழுதது, அதை யாரோ தூக்கிக்கொண்டார்கள். வேறு சத்தமே இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டால் மணலில் சரசரவென்று ஒரு ஓசை மட்டும்.

கண் பழகியதும் பார்த்தேன். மேற்கே சூரியன் போன வெளிச்சமும் மங்கிவிட்டது. கடல் மட்டும் ஈயம் மாதிரி லேசாகப் பளபளத்தது. என் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு நின்றது. தலையைத் தூக்கியது. வட்டமாக ஒரு தடவை சுற்றியது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி நடந்தது.

பந்தலின் உள்பக்கம் மாட்டிக்கொண்டவற்றைப் பெண்கள் குனிந்து தடவித் தடவி எடுத்துக் கை மாற்றிக் கொடுத்தார்கள். கடலில் கொண்டுபோய்ப் போடாதீர்கள், மணலில் விடுங்கள், அது தானாக நடந்து இறங்க வேண்டும் என்று மீனவப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் கையில் ஒன்றை வைத்தவர் விரலில் கருவாட்டு வாசனை அடித்தது. நான் வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தேன், அந்தக் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசிக் குஞ்சை அலை இழுத்துக்கொண்டு போகும் வரைக்கும் யாரும் விளக்கை ஏற்றச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து ஒரு விளக்கை மட்டும் ஏற்றினார்கள். மணலில் ஐந்தாறு குஞ்சுகள் மிதிபட்டுச் செத்துக் கிடந்தன. அதில் ஒன்று என் செருப்பின் விளிம்பில் ஒட்டியிருந்தது. எப்போது மிதித்தேன் என்று தெரியவில்லை. தடுக்கிறேன் என்று முதலில் ஓடினேனே, அப்போதாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தொழிலாளிப் பெண் அதைப் பார்த்துவிட்டார். அதை எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து மணலில் புதைத்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மீனவப் பெண் வந்து நின்றார். அப்போது அவர் சொன்னதுதான் என்னை மிகவும் கூனிக்குறுக வைத்தது.

"மொத நாளே ஆமைத் தடத்தப் பாத்துட்டோம் சார். நீங்க கடப்பாரைய விட்டதையும் பாத்தோம்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இவர்களை விரட்ட அதைவிட நல்ல வழி உங்களுக்குக் கிடைத்திருக்காதே என்றேன்.

"எங்க ஆம்பளைங்களும் அதத்தான் சொன்னாங்க. ஆமைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவங்க ஓடிடுவாங்கன்னு. ஓடுனா எங்களுக்கு நல்லதுதான், பொய் சொல்லல. ஆனா ஓடுறதுக்கு முன்னாடி தோண்டிப் போட்டுட்டுல்ல போவாங்கன்னு பயந்தோம்." அந்தத் தொழிலாளிப் பெண் இருந்த பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "முள்ளு வச்சது யாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

தங்கள் ஊரில் வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவார்கள் என்றும், அதைக் கரைக்குக் கொண்டுவர யாருக்கும் மனம் வராது என்றும் அவர் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் தெரியாமல் ஒன்றரை மாதமாக நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த விஷயம் மீனவர் ஊருக்கே தெரிந்திருந்தது. அவர்களும் அந்தத் தொழிலாளிப் பெண்ணும் எதிராளியிடம் சொல்லாமல் அந்த முட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தன் வேலையைக் காப்பாற்ற ஒளித்தவன் நான் ஒருவன்தான்.

மீதிப் பட்டாக்களை மறுநாள் காலையில் மேடையும் பேச்சும் இல்லாமல் கொடுத்தோம். தாசில்தார் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். அதே கையோடு, கடற்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை வலை உலர்த்தவும் கருவாடு காயப்போடவும் ஒதுக்கிப் புதுசாக ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவா என்றும் சொன்னார். இரண்டு பக்கத்தாரையும் கூட வைத்துக்கொண்டு அளந்தேன். யாரும் கல்லைப் பிடுங்கவில்லை.

அதோடு எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அடுத்த கோடையிலேயே நல்ல தண்ணீர்க் கிணற்றுக்காகச் சண்டை போட்டார்கள், நானே பஞ்சாயத்துக்குப் போனேன். ஆனால் அந்தப் பதினெட்டு வீடுகளில் ஒன்றுக்குக்கூடக் கடலைப் பார்த்து வாசல் வைக்கவில்லை. காற்றுக்கு அந்தப் பக்கம்தான் நல்லது என்று கொத்தனார் சொல்லியும், தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் விளக்கு வெளிச்சம் கடற்கரையில் விழக்கூடாது என்று மேற்கே வைத்துக்கொண்டார்கள். கடைசி மனைக்காரப் பெண், கணவர் ஜெயிலிலிருந்து வந்ததும் மனையின் மேற்குப் பாதியில் மட்டும் குடிசை போட்டார். கடல் பக்கத்துப் பாதி அப்படியே மணலாகக் கிடந்தது. நான் அந்த ஜில்லாவை விட்டு மாற்றலாகிப் போகிற வருஷம் விடைபெறப் போயிருந்தேன். அந்த மணலில் மூன்று இடத்தில் முள்வட்டம் இருந்தது. அதில் ஒன்றை வைத்தது மீனவர் ஊர்ப் பெண்கள் என்று அவர் சொன்னார்.

முப்பத்துமூன்று வருஷம் சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்று, இப்போது பேரன் பேத்திகளோடு இருக்கிறேன். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ தகராறுகளுக்கு நடுவே நின்றிருக்கிறேன். இதை இவர்களிடம் சொன்னால் புரிந்துகொள்ளமாட்டார்கள், மறைத்துவிடுவதுதான் நல்லது என்று மனம் சொல்லும்போதெல்லாம், அந்த இருட்டில் ஒரு சின்ன உயிரை மிதித்துவிடக்கூடாதே என்று காலைத் தூக்காமல் நின்ற அத்தனை பேரும் என் கண்முன் வந்துவிடுகிறார்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.